உயிர் காலேஜ் முதல் வண்டலூர் வரை



சென்ற இதழில் நம் பின்பக்கத்து ஏரியைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஒரு குழந்தையே விஷயத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

பிப்ரவரியில் நம் சங்கத்தின் சார்பில் பதினான்கு குடும்பங்கள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் போய் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஊரப்பாக்கத்தில் இருக்கும் நமக்கு அது பக்கத்து ஊர். விடியற்காலையில் காற்று நம் பக்கம் வீசினால், மொட்டை மாடியில் நடைப்பயிற்சி செய்பவர்களுக்குச் சில நாள் சிங்கத்தின் கர்ஜனைகூடக் கேட்கும். அமைதியான நேரத்தில் சிங்கத்தின் குரல் எட்டு கிலோமீட்டர் வரை போகும் என்பார்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நம்மில் பாதிப் பேர் அங்கே போய் வருடக்கணக்காகிவிட்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்தால்தான் நமக்கு வண்டலூர் ஞாபகம் வரும்.

அன்றைய தினம் நன்றாகவே போயிற்று. யானையைப் பார்த்தோம், நீர்யானையைப் பார்த்தோம். பறவைகளின் பெரிய கூண்டுக்குள்ளேயே நடந்து போனோம். ஓட்டேரி ஏரிக்கரையில் கொக்குகளையும் நாரைகளையும் எண்ணினோம். ஏ பிளாக் பெண்கள் கட்டிக்கொண்டு வந்த புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் பன்னிரண்டு மணிக்கே தீர்ந்துபோனது. ஆனால் புலி இருக்கும் இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றும் புலி வரவில்லை. மரத்தடியில் புதருக்குப் பின்னால் ஒரு வால் மட்டும் இரண்டு முறை அசைந்தது. அதையும் பார்த்தவர்கள் மூன்று பேர்தான். ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் விசிலடித்தார். பையன்கள் கோரஸாகக் கத்தினார்கள். புலி அசையவே இல்லை.

திரும்பி வரும்போது வேனில் சி பிளாக்கைச் சேர்ந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி என்னிடம் கேட்டாள்: "தாத்தா, புலியே வரலை. அப்போ நம்ம டிக்கெட் காசு வேஸ்ட்டா?"

வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால், ஏறக்குறைய அதே வயதில் நானும் ஒரு புலியின் முன்னால் நின்றிருக்கிறேன். அதை எழுந்து நிற்கவும் வைத்திருக்கிறேன். எப்படி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இந்தப் பூங்காவின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழந்தைக்கான பதில் அதற்குள்தான் இருக்கிறது.

செத்த காலேஜும் உயிர் காலேஜும்

ஏ பிளாக்கில் இருக்கும் எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர், நாம் வேனில் கிளம்பும்போது, "எல்லாரும் உயிர் காலேஜுக்குப் போறீங்களா?" என்று கேட்டார். இளையவர்களுக்குப் புரியவில்லை. ஏதோ கல்லூரி என்று நினைத்துக்கொண்டார்கள்.

பழைய மெட்ராஸ்வாசிகளுக்கு இரண்டு "காலேஜ்" உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பெயர் செத்த காலேஜ். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலைக்குப் பெயர் உயிர் காலேஜ். ஒன்றில் பாடம் செய்து வைத்த விலங்குகள், இன்னொன்றில் உயிருள்ள விலங்குகள். "காலேஜ்" என்ற சொல்லுக்கும் ஒரு காரணம் உண்டு. 1851-இல் அருங்காட்சியகம் முதலில் தொடங்கப்பட்டது நுங்கம்பாக்கத்தில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் கட்டடத்தில்தான். பிறகு அது எழும்பூர் பாந்தியனுக்கு மாறிப் போனாலும் காலேஜ் என்ற பெயர் மக்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

அந்த அருங்காட்சியகத்தின் பொறுப்பில் முதலில் இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர். இந்தியாவைப் பற்றிய பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவர். மரங்களை வெட்டினால் மழை குறையுமா என்று அந்தக் காலத்திலேயே ஆராய்ந்து எழுதியவர். பின்னாளில் பெண்கள் மருத்துவம் படிக்கவும் ஆதரவாக நின்றவர். அருங்காட்சியகம் படித்தவர்களுக்கு மட்டுமானதாக இருக்கக் கூடாது, எழுதப் படிக்கத் தெரியாதவரும் உள்ளே வந்து எதையாவது கற்றுக்கொண்டு போக வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அதற்கு அவர் கண்ட வழிதான் உயிருள்ள விலங்குகள். 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். அந்தச் சமயத்தில் சேப்பாக்கத்தில் கர்நாடக நவாப் குலாம் கௌஸ் கான் இருந்தார். ஆட்சி அதிகாரமெல்லாம் கம்பெனியிடம் போய்விட்டிருந்தாலும் நவாபிடம் சொந்தமாக ஒரு விலங்குக் கூட்டம் இருந்தது. அதை அப்படியே அருங்காட்சியகத்துக்குத் தரும்படி பால்ஃபர் கேட்டு வாங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் நவாப் வாரிசில்லாமல் இறந்துபோனார். கம்பெனி அந்த நவாப் பட்டத்தையே ஒழித்துவிட்டது. அரசு போனது, அரண்மனையும் கைமாறியது. அரண்மனை விலங்குகளை மட்டும் ஊர்மக்கள் பார்க்கும்படி ஆயிற்று.

இது சின்ன விஷயமில்லை. புலியையும் சிறுத்தையையும் கூண்டில் வளர்ப்பது அதுவரை ராஜாக்களின் பெருமை. வியன்னாவின் ஷோன்புருன் மிருகக்காட்சிசாலை 1752-இல் பேரரசரின் அரண்மனைத் தோட்டத்தில்தான் தொடங்கியது. லண்டன் மிருகக்காட்சிசாலை 1828-இல் திறக்கப்பட்டபோது அது விலங்கியல் சங்கத்தாருக்கு உரியதாக இருந்தது. பொதுமக்கள் கட்டணம் கொடுத்து உள்ளே போக 1847 வரை காத்திருந்தார்கள். அடுத்த எட்டாவது ஆண்டிலேயே மெட்ராஸில் ஒரு கூலித் தொழிலாளி குடும்பத்தோடு போய்ப் புலியைப் பார்க்க முடிந்தது. கல்கத்தா அலிப்பூர் பூங்கா வந்தது 1876-இல். மைசூர் பூங்கா 1892-இல். இந்தியாவின் மிகப் பழைய பொது மிருகக்காட்சிசாலைகளில் நம்முடையதும் ஒன்று என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உயிருள்ள விலங்குகள் வந்ததும் எழும்பூரில் கூட்டம் பெருகியது. ஒரே வருடத்தில் விலங்குகள், பறவைகள், ஊர்வன எல்லாம் சேர்ந்து முந்நூறைத் தாண்டின. அருங்காட்சியகத்தின் தோட்டம் அதற்குப் போதவில்லை. இடம் போதாமல் போவது இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும்.

பூங்கா சுருங்கிய கதை

1859-இல் மெட்ராஸ் கவர்னராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவெலியன். ஒரு வருடம்தான் இருந்தார். இந்திய அரசு கொண்டுவந்த புதிய வரிகளை எதிர்த்து வெளிப்படையாகவே எழுதியதால் திருப்பி அழைக்கப்பட்டார். ஆனால் அந்த ஒரு வருடத்தில் நகரத்து மக்களுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று திட்டம் போட்டார். பெரியமேட்டுக்கும் கோட்டைக்கும் நடுவில் 116 ஏக்கரில் உருவான அதன் பெயர் பீப்பிள்ஸ் பார்க். குளங்களும், வண்டி ஓடும் பாதைகளும், பேண்டு வாசிக்கும் மேடையும் அதில் இருந்தன. 1860-களின் தொடக்கத்தில் அருங்காட்சியகத்து விலங்குகள் நகராட்சியின் பொறுப்பில் அந்தப் பூங்காவின் ஒரு மூலைக்கு மாற்றப்பட்டன. அதுதான் உயிர் காலேஜ். அப்போது உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

116 ஏக்கர் என்றால் இன்று சென்னையின் நடுவில் கற்பனை செய்தும் பார்க்க முடியாது. அந்த நிலத்துக்கு என்ன ஆயிற்று என்று வரிசையாகப் பாருங்கள். 1873-இல் பக்கத்திலேயே சென்ட்ரல் ஸ்டேஷன் வந்தது. 1880-களின் இறுதியில் பூங்கா நிலத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. 1898-இல் மூர் மார்க்கெட்டுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1913-இல் மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது. பிறகு விளையாட்டு அரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையானதுதான், ஒவ்வொன்றும் நல்ல கட்டடம்தான். ஆனால் எல்லாம் ஒரே பூங்காவைக் கடித்துத் தின்றுதான் வளர்ந்தன. திறந்தவெளி என்பதைக் "காலி இடம்" என்று நினைத்துவிட்டால் இப்படித்தான் ஆகும். நம் கிளப் ஹவுஸ் பக்கத்துப் புல்தரையில் இன்னும் நான்கு கார் நிறுத்தலாமா என்று சென்ற பொதுக்குழுவில் நாம் விவாதித்தோமே, அதே கதைதான்.

அந்தப் பூங்காவுக்கு ஒரு துயர நாளும் உண்டு. வருடக் கடைசியில் அங்கே பெரிய சந்தையும் பொருட்காட்சியும் நடக்கும். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருவார்கள். 1886 டிசம்பர் 31 அன்று அங்கே தீப்பிடித்தது. ஓலையும் மூங்கிலுமாகப் போட்ட பந்தல்கள். நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். குழந்தைகளோடு புத்தாண்டு வேடிக்கை பார்க்கப் போனவர்கள் அவர்கள். இன்று அந்தப் பக்கம் ரயிலுக்காக ஓடுகிற யாருக்கும் இது தெரியாது.

இவ்வளவுக்கும் நடுவில் விலங்குகள் அங்கேயே இருந்தன, நூறு வருடத்துக்கும் மேலாக. ஒரு பக்கம் ரயில் சத்தம். இன்னொரு பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையின் போக்குவரத்து. நகரம் வளர வளர மிருகக்காட்சிசாலைக்கு விரிவடைய வழியில்லை. இரும்புக் கம்பிக் கூண்டு, சிமெண்ட் தரை, முன்னால் கூட்டம். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் அப்படித்தான் இருந்தது. புலி நமக்காக இருக்கிறது, நாம் வந்தால் அது தெரிய வேண்டும் என்பதுதான் கூண்டின் கணக்கு. ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் அப்புறம் எதற்குக் கூண்டு?

இந்த நினைப்பை முதலில் மாற்றிக் காட்டியவர் ஜெர்மனியில் விலங்கு வியாபாரம் செய்த கார்ல் ஹாகன்பெக். 1907-இல் ஹாம்பர்க் அருகே ஸ்டெல்லிங்கன் என்ற இடத்தில் அவர் திறந்த பூங்காவில், கம்பிக்குப் பதிலாக அகழி இருந்தது. விலங்கு தாண்ட முடியாத அகலத்திலும் ஆழத்திலும் பள்ளம். அதற்கு அந்தப் பக்கம் மண்ணும் பாறையும். பார்ப்பவருக்கும் விலங்குக்கும் நடுவில் கம்பி தெரியாது. இந்த ஏற்பாடு மெல்ல மெல்ல உலகமெங்கும் பரவியது. ஆனால் அதற்கு நிறைய நிலம் வேண்டும். சென்ட்ரல் பக்கத்தில் அதற்கு எங்கே போவது?

1985

1970-களின் நடுவில்தான் நகரத்துக்கு வெளியே போவது என்று முடிவாயிற்று. வண்டலூர் காப்புக்காட்டில் வனத்துறை 1,265 ஏக்கரை 1976-இல் ஒதுக்கியது. பழைய பூங்கா முழுவதும் சேர்ந்தே 116 ஏக்கர்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், பத்து மடங்குக்கும் மேல். 1979-இல் வேலை தொடங்கியது. அன்று அது பெரும்பாலும் புதர்க்காடு. இன்று நாம் அங்கே நிழலில் நடக்கிறோம் என்றால், அந்த நாளிலிருந்து நட்டு வளர்த்த மரங்கள் அதற்கு ஒரு காரணம்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்து போனது. பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் வாங்கிய தலைமுறைக்கு அது ஒரு மரணம் மாதிரி. அடுத்த இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூலை 24 அன்று, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். மார்க்கெட்டும் மிருகக்காட்சியும் சேர்ந்து ஒரே நாளில் பார்த்துவிட்டு வரும் அந்தப் பழைய மெட்ராஸ் ஞாயிற்றுக்கிழமை, ஒரே கோடையில் முடிந்து போயிற்று. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில்கள் நிற்கின்றன.

இதில் இழப்பும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. பழைய இடம் ஊரின் நடுவில் இருந்தது. வெளியூரிலிருந்து சென்ட்ரலில் இறங்கியவர்கள் அடுத்த ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நடந்தே போய் வருவார்கள். வடசென்னையின் தொழிலாளிக் குடும்பங்களுக்கு அது காலாற நடக்கும் தூரம். வண்டலூர் அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ரயில், பஸ், டிக்கெட், சாப்பாடு என்று சேர்த்துப் பார்த்தால் ஐந்து பேர் குடும்பத்துக்கு அது திட்டம் போட்டுப் போகிற செலவு. விலங்குகளுக்குக் கிடைத்த இடத்துக்கு ஒரு பங்கு விலையை அந்த ஜனங்கள் கொடுத்திருக்கிறார்கள். அப்படியும் காணும் பொங்கல் அன்று வண்டலூரில் திரளும் கூட்டத்தைப் பார்த்தால், பால்ஃபர் நினைத்தது வீண்போகவில்லை என்று தோன்றும்.

விலங்குகளுக்கு என்ன கிடைத்தது? அகழி வைத்த திறந்த இடங்கள். மரம், புதர், தண்ணீர். சாயங்காலம் போய்ச் சாப்பிட்டுப் படுக்கத் தனி அறை. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் கண்ணில் படாமல் இருக்க ஒரு மூலை. புலி விடியலிலும் அந்தியிலும் நடமாடும். பகலில் பெரும்பாலும் படுத்துத்தான் கிடக்கும். காட்டில் அது எப்படி இருக்குமோ அப்படி இருக்க அனுமதிக்கப்பட்டதால்தான், நாம் போன பதினொரு மணிக்கு அது புதருக்குப் பின்னால் இருந்தது.

அதன் பிறகு சட்டமும் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபோது மிருகக்காட்சிசாலைகளைப் பற்றித் தனி அத்தியாயம் கிடையாது. 1991-இல் அதைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஏற்பட்டது. அந்தச் சட்டத்தின் 38ஜே பிரிவை நம் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒரு முறை படிக்க வேண்டும் என்பது என் ஆசை. உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டக் கூடாது, காயப்படுத்தக் கூடாது, தீனி போடக் கூடாது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது, குப்பை போடக் கூடாது என்று அது சொல்கிறது. கைதட்டலும் விசிலும் அதில் அடக்கம். அன்று நாம் செய்தது சட்டப்படியும் தவறு.

1998-இல் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றை வைத்து வித்தை காட்டுவது தடை செய்யப்பட்டது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை உறுதி செய்தது. சர்க்கஸில் வேலை பார்த்த சிங்கங்களும் புலிகளும் எங்கே போகும்? அவற்றுக்காக நாட்டில் சில இடங்களில் மறுவாழ்வு மையங்கள் அமைத்தார்கள். அதில் ஒன்று நம் வண்டலூரில். நெருப்பு வளையத்துக்குள் பாய்ந்து பழகிய விலங்கு, கடைசிக் காலத்தில் யாரும் கைதட்டாத ஓர் இடத்தில் படுத்திருந்தது.

நாம் கொண்டுபோனது

இடம் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நம்மை என்ன பாடு படுத்தியது என்று பழைய குடியிருப்பாளர்களுக்குத் தெரியும். அதே நாளில் பூங்காவுக்குள் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. நமக்கு நான்கு நாள் கரண்ட் இல்லை என்று புலம்பினோம். அங்கே வருடக்கணக்கில் வளர்த்த நிழல் ஒரே பகலில் போயிற்று.

2021 ஜூனில் இன்னொன்று நடந்தது. கொரோனா இரண்டாம் அலையில் பூங்கா மூடியிருந்தது. பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. அப்படியும் சிங்கங்களுக்குத் தொற்று வந்தது. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அதே மாதத்தில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தது. சிங்கத்துக்குக் காட்டிலிருந்து வந்த நோய் இல்லை அது. மனிதர்களிடையே பரவிக்கொண்டிருந்த நோய். அப்போது நம் மொட்டை மாடியில் நின்று அந்தச் செய்தியைப் பேசிக்கொண்டோம். பால்ஃபர் காலத்தில் விலங்கிடமிருந்து மனிதனைக் காக்கக் கம்பி போட்டார்கள். இப்போது நம்மிடமிருந்து அவற்றைக் காக்கவும் இடைவெளி வேண்டியிருக்கிறது.

நான் எழுப்பிய புலி

இப்போது என் கதைக்கு வருகிறேன். 1966 என்று நினைக்கிறேன். எனக்கு ஒன்பது வயது. விழுப்புரத்திலிருந்து ஒரு கல்யாணத்துக்காக மெட்ராஸ் வந்தோம். மறுநாள் அப்பா, அம்மா, அக்கா, நான் நான்கு பேரும் காலையில் செத்த காலேஜ் பார்த்தோம். மத்தியானம் உயிர் காலேஜ். அம்மா இலையில் கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சை சாதத்தை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவ்வளவு சந்தோஷமான நாள் என் சிறுவயதில் வேறு இல்லை.

புலிக்கூண்டின் முன்னால் நல்ல கூட்டம். புலி சுவரோரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டும். எழுந்து நிற்கிற புலியைப் பார்க்காமல் போய் என் சிநேகிதர்களிடம் என்ன சொல்வது? கீழே கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கம்பிக்குள் வீசினேன். அது புலியின் காதுப் பக்கம் பட்டது. புலி எழுந்தது. நான்கு அடி இந்தப் பக்கம் நடந்தது, திரும்பி நான்கு அடி அந்தப் பக்கம் நடந்தது. அவ்வளவுதான் இடம். கூட்டம் ஆரவாரம் செய்தது. யாரோ என் முதுகில் தட்டிக் கொடுத்தார். அப்பா சிரித்தார். அம்மா மட்டும் என் கையைப் பிடித்து இழுத்து, "தூங்கறதை ஏன்டா எழுப்பறே? உன்னை யாராவது அப்படி எழுப்பினா?" என்றாள்.

ஊரில் போய் அந்தக் கதையை எத்தனை முறை பெருமையாகச் சொன்னேன் என்று கணக்கில்லை. அம்மா சொன்னதை மட்டும் ஒரு முறையும் சொல்லவில்லை. பல வருடம் கழித்து என் மகனோடு வண்டலூர் போனபோதுதான் அது திரும்ப ஞாபகம் வந்தது. அங்கே அகழிக்கு அப்பால் புலி வெகுதூரத்தில் இருந்தது. கல் எறிந்தாலும் படாத தூரம். அந்தத் தூரம் என்னைப் போன்றவர்களை மனத்தில் வைத்துத்தான் அளந்து வெட்டப்பட்டது என்று தோன்றியது.

ஆகவே, சி பிளாக் கண்ணே, உன் கேள்விக்குத் தாத்தாவின் பதில் இது. காசு வேஸ்ட் இல்லை. 1855-இல் தொடங்கிய இந்தப் பூங்காவில், நாம் கூப்பிட்டால் வராமல் இருக்கப் புலிக்கு இடம் கிடைக்க 130 வருடம் ஆயிற்று. அன்று நீ அந்த இடத்தைத்தான் பார்த்துவிட்டு வந்தாய். டிக்கெட் காசில் ஒரு பகுதி அந்தப் புதருக்கும் மரத்துக்கும் போகிறது. அடைத்து வைப்பதே சரியா என்று நீ பெரியவளானதும் கேட்பாய். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அடைத்து வைத்திருக்கும் வரை தூங்கவாவது விட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

பெரியவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். சங்கத்தின் அடுத்த சுற்றுலாவை மறுபடியும் வண்டலூருக்கே வைக்கலாம் என்று செகரட்டரி சொல்லியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. மற்ற நாளில் காலை ஒன்பது மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விட்டால், வெயில் ஏறுவதற்கு முன் விலங்குகள் நடமாடுவதைப் பார்க்க வாய்ப்பு அதிகம். போகும் முன் குழந்தைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிக் கூட்டிப் போவோம்: கத்தக் கூடாது, காத்திருந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது, தீபாவளி. நமக்கு அவற்றின் கர்ஜனை கேட்கிறது என்றால், நம் அணுகுண்டும் ஆயிரம்வாலாவும் அவற்றுக்கும் கேட்கும். எந்த அகழியும் சத்தத்தைத் தடுக்காது. இந்த வருடம் மொட்டை மாடியில் வெடிக்காமல், மத்தாப்பும் புஸ்வாணமும் கீழே வாசல் பக்கம் மட்டும் என்று வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். ஏ பிளாக் அம்மா ஏற்கெனவே கை தூக்கிவிட்டார். சி பிளாக்கிலிருந்தும் ஓர் ஓட்டு வரும் என்று நம்புகிறேன். மூன்றாம் வகுப்புக்கு ஓட்டு உண்டா என்பதைச் செகரட்டரிதான் சொல்ல வேண்டும்.